ஏரிக்கு வரும் மண்ணை ஓடையிலேயே பிடிப்பது: ஒரு டர்பைன்காரரின் அனுபவம்

மண் தண்ணீரோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது, தண்ணீரின் வேகத்தில் சுழன்று மின்சாரம் எடுக்க உதவும் டர்பைன். நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில் எந்திரப் பராமரிப்பில் பல வருடம் இருந்தேன். அங்கே கெத்தை மின்நிலையத்துக்கு 700 மீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து தண்ணீர் குழாயில் இறங்குகிறது. குழாயின் குறுகிய முனையான நாசிலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் நுண்மணலும் கூட வந்தால் அது மோதிச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள் தாங்குமா? நடுவிளிம்பின் கூர் மழுங்கும், உட்பரப்பு மீன் செதில் போல அலை அலையாக அரித்துப்போகும், நாசில் ஊசியில் வரி வரியாகப் பள்ளம் விழும். குவார்ட்ஸ் துகள் அந்த எஃகைவிடக் கடினமானது. வெல்டு வைத்து நிரப்பி, தேய்த்து, அளவு பார்த்து, மறுபடி மாட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

அதனால் மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். அப்பர் பவானிப் பக்கம் சோலைக்காடும் புல்வெளியும்தான். நல்ல மழை பெய்தாலும் ஓடை தெளிவாகவே இருக்கும், கொஞ்சம் தேநீர் நிறம் ஏறும், அவ்வளவுதான். கீழே குந்தா அணையில் கதை வேறு. 89 அடி உயர அணை அது. மேலே சரிவு சரிவாக உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட தோட்டங்கள். மழை விட்டு நாள் கணக்கான பிறகும் தண்ணீர் செம்பழுப்பாகவே நிற்கும். காட்டை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குச் சோலையே சரியும். ஆனால் அது எப்போதோ ஒருமுறை வருவது. வருடாவருடம் அணையை நிரப்புவது சாதாரண மழையும் திறந்துகிடக்கும் மண்ணும்தான்.

மின் உற்பத்திக்காகத் தண்ணீரை எடுக்கும் முறையும் மண்ணை நகர்த்துகிறது. இதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. மலையில் உள்ள சின்ன அணைகள் பெரும்பாலும் அன்றாடத் தேவைக்குத் தண்ணீரைப் பிடித்து விடுபவை. மாலையில் மின்தேவை ஏறும்போது எந்திரம் ஓடும், மட்டம் இறங்கும். இரவில் எந்திரம் நின்றால் மட்டம் ஏறும். கரைமண் நன்றாக ஊறிக்கிடக்கும்போது அதைத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் சடாரென்று இறங்கிவிட்டால், கரை தானாகவே சரிந்து உள்ளே விழும். ஓடை அணைக்குள் நுழையும் இடத்தில் மணல் திட்டாகப் படிந்திருக்கும் இல்லையா, மட்டம் இறங்கியதும் அந்தத் திட்டை ஓடை மறுபடி அறுத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கும் வாயை நோக்கித் தள்ளும். இப்போது அவலாஞ்சி, எமரால்டு அணைகளையும் போர்த்திமந்து அணையையும் இணைத்து 500 மெகாவாட் அளவில் நீரேற்று மின்திட்டம் வருகிறது. மேலே ஏற்றி, கீழே இறக்கி, இரண்டு பக்கமும் மட்டம் ஏறி இறங்கும் வேலை அது. கரைகளைக் கவனிக்காமல் விட்டால் மண்ணும் சேர்ந்து ஏறி இறங்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அணையின் அடியில் மண்ணுக்கென்றே கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வருகிற மண்ணெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே உள்ள தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் சொல்வார்கள். மண்ணுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பருமணல் ஓடை வாயிலேயே விழுந்துவிடும். அங்கே அது அடைப்பது நாம் பயன்படுத்தும் தண்ணீரின் இடத்தை. மெல்லிய களிமண் மட்டும்தான் மிதந்தபடி அணைச் சுவர் வரை போய்ச் சேரும். சில சமயம் கலங்கல் தண்ணீர், தெளிந்த தண்ணீருக்கு அடியில் பழைய ஆற்றுப்பள்ளம் வழியாகவே ஊர்ந்து வரும். அந்த நேரம் பார்த்து அடிமதகைத் திறந்தால் கொஞ்சம் வெளியே போகும். திறக்கிற விதத்தில் திறக்க வேண்டும். சேறு மொத்தமாகக் கீழே போனால் மீனின் செவுளில் அடைத்துக்கொள்ளும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், கீழே ஆற்றில் மீன் செத்து மிதக்கும். நம் இடத்து மண்ணைக் கீழே இருப்பவன் தலையில் கொட்டுவதற்குப் பெயர் பராமரிப்பு கிடையாது.

பிறகு மேட்டூருக்கு மாற்றல் கிடைத்தது. சொந்த மாவட்டம், வீட்டுச் சாப்பாடு. 1934-இல் கட்டி முடித்த அணை, முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தண்ணீர் நன்றாக வற்றினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். 2017-இல் அணை வற்றிக் கிடந்தபோது விவசாயிகள் வண்டல் எடுக்க அரசு அனுமதித்தது. டிராக்டரும் டிப்பரும் வரிசை கட்டி நின்றன. டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம், இனி அணை ஆழமாகிவிடும் என்று. நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. லோடுக்காரர் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட். ஆக ஒரு டி.எம்.சி. இடத்தை மீட்க ஒரு கோடி யூனிட் மண் அள்ள வேண்டும். மூன்று யூனிட் லாரியில் 33 லட்சம் நடை. தினமும் ஆயிரம் லாரி, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் ஓடினாலும் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் அணை அத்தனை வருடமும் வற்றியே கிடந்தால்! ஒரே ஒரு டி.எம்.சி.க்குத்தான் இந்தக் கணக்கு. வயலுக்கு வண்டல் போவது நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்துவிட்ட மண்ணை அள்ளி ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுவது பெரிய அணையில் நடக்காத காரியம், சின்ன ஏரியில் ஓயாத செலவு. மண்ணைப் பிடிக்க வேண்டிய இடம் மேலே, சரிவில்.

ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில் மனைவி வழியில் வந்த சின்னக் காப்பித் தோட்டத்துக்குக் குடிவந்துவிட்டோம். தோட்டத்தின் ஓரத்தில் ஓர் ஓடை. அது வேறு ஓடைகளோடு சேர்ந்து ஏற்காடு ஏரிக்குப் போகிறது. ஏரி நிறைந்து வழிவது கிளியூர் அருவியில் விழுகிறது. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை, அதன்மேல் சிவந்த சரளை மண், சில உச்சிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட். மேல்மண்ணைக் கீறிவிட்டால் இந்தச் சிவப்பு மண் மழையில் கரைந்து ஓடும். மலைமேல் சரி, அடிவாரத்தில் மூக்கனேரி போன்ற சேலத்து ஏரிகளுக்கும் இந்த மலைத் தண்ணீர்தான். மேலே விட்ட மண் எங்கே நிற்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

நான் முதலில் செய்தது மழையில் நடந்ததுதான். குடையும் கம்பும் எடுத்துக்கொண்டு, மழை வலுத்த அரைமணி நேரத்துக்குள் ஓடை ஓரமாகக் கீழிருந்து மேலே போவேன். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் நின்று எது அதிகம் கலங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவேன், அடுத்த சேருமிடம், மறுபடி அதே கேள்வி. மழை விட்டபின் போனால் ஒன்றும் தெரியாது, எல்லா ஓடையும் நல்ல பிள்ளையாகிவிடும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்து, பேனாவால் இடத்தின் பெயர் எழுதி, வீட்டுத் திண்ணையில் வரிசையாக வைத்துவிடுவேன். மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

பாட்டில் சொல்வது நிறைய. அசையாத தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் இறங்க நுண்மணலுக்குக் கால் நிமிடம்கூட வேண்டாம். வண்டல் துகளுக்குச் சில நிமிடம். களிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். மாலையில் வைத்த பாட்டில் காலையிலும் கலங்கியே இருந்தால் அது களி, எந்தக் குழி வெட்டியும் அதைப் பிடிக்க முடியாது. அது கிளம்பும் இடத்திலேயே மண்ணை மூடித்தான் ஆக வேண்டும். உடனே அடியில் தங்கினால் மணல், அதைக் கல்லும் குழியும் வைத்துப் பிடித்துவிடலாம். எந்த இடத்தில் எந்த வைத்தியம் என்று முடிவு செய்ய எங்களுக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

காப்பித் தோட்டங்கள்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், அது அவ்வளவாக இல்லை. நிழல்மரமும் சருகும் உள்ள பழைய தோட்டத்திலிருந்து வரும் தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருந்தது. கலங்கல் வந்தது மண்சாலைகளிலிருந்தும், சாலையோர வாய்க்கால்களிலிருந்தும், புதிதாகச் சரிவை வெட்டிக் கட்டடம் எழும்பும் மனைகளிலிருந்தும். ஜீப் போய்ப் போய்ப் பள்ளமான தடத்தில் மழைத்தண்ணீர் நேராக இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய பொறியியல் கணக்கு. இதையே திருப்பிப் போட்டால் வழி தெரிந்துவிடும். தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், சுமையைத் தானே இறக்கிவைத்துவிடும்.

எங்கள் தடத்தில் அதைத்தான் முதலில் செய்தோம். சாலைக்குக் குறுக்கே சாய்வாகச் சின்ன மேடு போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் இருக்கும் பக்கம் பிரித்துவிட்டோம். ஜீப் ஓட்டுகிறவர் திட்டினார், பிறகு பழகிவிட்டார். அடுத்து ஓடைக்கு இறங்கும் பள்ளங்களில் கல் தடுப்பு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். வேலையை மேலேயிருந்து தொடங்க வேண்டும். கீழே முதலில் கட்டினால் மேலிருந்து வரும் மொத்த வேகமும் அதன்மேல்தான் மோதும். முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு பெரிய தடுப்பைவிட நாலைந்து சின்னத் தடுப்பு மேல். நடுப்பகுதி இரண்டு கரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஓரமாகப் புகுந்து கரையை அறுத்துக்கொண்டு போகும், தடுப்பு மட்டும் தனியாக நிற்கும். தண்ணீர் தாண்டி விழும் இடத்தில் தட்டையான கல் பரப்பாவிட்டால் அடியில் குழி விழுந்து தடுப்பே உட்கார்ந்துவிடும். சிமென்ட் தேவையில்லை. கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போவதுதான் நல்லது.

பள்ளத்தில் கட்டிய தடுப்பு மண்ணால் நிரம்பிவிட்டால் அதை அள்ளக்கூடாது. அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அந்தத் திட்டில் வெட்டிவேரோ புல்லோ நட்டுவிட வேண்டும். ஓடைக்குச் சற்று முன்னால் தோண்டும் மண்பிடிக் குழி அப்படியல்ல, அதை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி நிரம்பிய குழி அடுத்த மழையில் பழைய மண்ணையும் சேர்த்து அனுப்பிவிடும். குழியின் ஆழத்தைவிட நீளம் முக்கியம், தண்ணீர் நிதானமாகக் கடந்துபோக நேரம் வேண்டுமே. அள்ளிய மண்ணைக் குழியின் கரையிலேயே கொட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஏரி தூர்வாரும்போதும் அதேதான் நடக்கிறது, பொக்லைன் அள்ளிப் போட்ட சேறு கரையில் குவிந்து கிடக்கும், படம் எடுப்பார்கள், அடுத்த மழையில் பாதி உள்ளே போய்விடும். எங்கள் குழி மண்ணைக் கூடையில் தூக்கி மேலே செடிகளுக்கு அடியில் போட்டுச் சருகால் மூடுகிறோம். முதுகு வலிக்கிற வேலைதான். சமவெளியில் அரசு அனுமதிக்கும் ஏரிகளில் வண்டல் எடுத்து, நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் வரை வயலுக்குக் கொண்டுபோகலாம். டிராக்டர் போகிற இடம் அது. மலைச் சரிவில் அந்த வசதி கிடையாது, மண் எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்த பிறகுதான் அள்ளவே தொடங்க வேண்டும்.

காலமும் முக்கியம். இங்கே கோடை மழையின் முதல் ஒன்றிரண்டு பெருமழையில்தான் தண்ணீர் மிக அதிகமாகக் கலங்கி வருகிறது. காய்ந்து பொடியான மண், புல் கருகிய சரிவு, அதன்மேல் இடியோடு ஒரு மழை. காப்பிப் பூவுக்கு அந்த மழை வேண்டும், எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குள் குழிகள் காலியாக இருக்க வேண்டும். ஆகவே அறுவடை முடிந்த கையோடு, மாசிக்குள் வேலையை முடித்துவிடுகிறோம்.

களையெடுப்பு விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் நாகலூர்ப் பக்கத்து மலைக்காரப் பெரியவர் ஒருவர். எங்கள் தோட்டத்தில் ஆட்கள் மண்வெட்டியால் சுத்தமாகக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். “தம்பி, இப்படிக் கொத்துனா மண்ணு அம்மணமா நிக்கும். கத்தியால அரிஞ்சு அங்கேயே போட்டுடுங்க, வேரு இருக்கட்டும்” என்றார். பத்தே விநாடியில் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். களிக்கு அதைவிட நல்ல வைத்தியம் நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்துத் தண்ணீர் அடுத்த பருவத்தில் எங்கள் திண்ணைப் பாட்டிலிலேயே வித்தியாசம் காட்டியது.

கட்டட மனைகள்தான் தலைவலி. எங்கள் ஓடைக்கு மேலே ஒரு விடுதிக்காகச் சரிவை வெட்டினார்கள். வெட்டிய மண் ஓடைக் கரையில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மேற்பார்வைக்கு இருந்த பையன் சேலத்துக்காரன், மரியாதையாகப் பேசுவான்.

“தம்பி, இந்த மண்ண இன்னிக்கே மூடலைன்னா நாளைக்கு ஏரியில கிடக்கும்.”

“நாளைக்கு டிப்பர் வருது சார்.”

“மழை இன்னிக்கே வருதேப்பா.”

சிரித்தான். மழை வந்தது, குவியலில் நல்ல பங்கு போய்விட்டது. அப்புறம் நான் சண்டைக்குப் போகவில்லை, கணக்காகப் பேசினேன். போன மண் அவர்களுக்கே திரும்பத் தேவைப்படும், கட்டடத்தைச் சுற்றிப் பள்ளத்தை மூட லோடு கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், அதன் வாடகை என்ன என்று கேட்டேன். மறுநாள் தார்ப்பாய் வந்தது. குவியலின் அடியில் மண் மூட்டைகளை இரண்டு அடுக்கு வைத்தார்கள். மலையில் சரிவை வெட்டுவதற்குத் தனி அனுமதிகள் உண்டு, புகாரும் கொடுக்கலாம், கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் புகார் மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. வெட்டு வேலையை வறண்ட மாதங்களில் மட்டும் செய்ய வேண்டும், முதல் கல் வைப்பதற்கு முன் மழைநீர் வடிகாலும் மண்பிடிக் குழியும் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயமாக்கினாலே பாதிச் சேறு குறையும் என்பேன்.

ஏரிக்குள் வந்தால், ஓடை நுழையும் வாயில் இருக்கும் கோரையையும் நாணலையும் விட்டுவைக்கச் சொல்லி நான் வாதாடுவேன். படகில் வருகிறவர்களுக்கு அது அழுக்காகத் தெரிகிறது, சுத்தம் செய் என்கிறார்கள். அந்தக் கோரைத் திட்டு தண்ணீரைத் தளர்த்தி மணலை அங்கேயே இறக்கிவைக்கும் சம்பளமில்லாத வேலையாள். ஆகாயத்தாமரை வேறு விஷயம். அது மிதந்து பரவி, அழுகி, அடியில் சேறாகவே சேர்கிறது, அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே கூலிக்குக் கொடுத்தால் இரண்டுமே போய்விடும். பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

எந்தக் காரணத்துக்காவது ஏரியின் மட்டத்தை இறக்குவதானால் அணையில் சொன்னதேதான்: மெதுவாக, நாள் எடுத்துக்கொண்டு. வேலை முடிந்ததும் காலியான கரையில் மழைக்கு முன் புல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆழத்தை அளப்பது பெரிய வித்தையில்லை. முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் தட்டையான இரும்புத் துண்டு. கூரான எடையாக இருந்தால் சேற்றுக்குள் இறங்கிப் பொய் சொல்லும். கரையில் அசையாத இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, அனுமதி வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை அதே மாதத்தில், அதே இடங்களில். ஏரியின் நீர்மட்டம் அன்றைக்கு எவ்வளவு என்பதையும் எழுதாவிட்டால் அந்த நோட்டுப் புத்தகத்தால் பயனில்லை, நீர்மட்டம் இறங்கியதையே மண் ஏறியதாக எடுத்துக்கொள்வோம்.

இப்போது எங்கள் பேச்செல்லாம் மேலே சாலை வளைவில் இருக்கும் ஒரு சிறுபாலத்தைப் பற்றித்தான். அதன் குழாய் ஓடைக்கு மேலே அந்தரத்தில் தண்ணீரைக் கொட்டுகிறது, விழும் இடத்தில் சரிவு வருடாவருடம் குடைந்துகொண்டே போகிறது. கீழே கல் பரப்பிப் படிப்படியாகத் தண்ணீரை இறக்க வேண்டும், அது எங்கள் கூடைக்கும் கடப்பாரைக்கும் மீறிய வேலை. படம் எடுத்து, பள்ளத்தின் அகலம் நீளம் ஆழம் அளந்து, இதுவரை போன மண் எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு மனு எழுதி வைத்திருக்கிறோம். யூனிட் கணக்கில் எழுதலாம் என்று சொன்னவர் அந்த ஜீப்காரர்தான்.